வெறும் பாத்தியில் ஒரு மூங்கில் குச்சி

ஊட்டிக்குக் கொஞ்சம் கீழே, கேத்திப் பக்கத்துச் சரிவில், ஒரு வீட்டுப் பின்புறத்தில் பூம்பாத்தி ஒன்று இருந்தது. ஒரு சமயம் அந்தப் பாத்தியில் பூவும் இல்லை, செடியும் இல்லை. மூங்கில் குச்சி ஒன்று மட்டும் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. எதற்காக நிற்கிறோம் என்று அதற்கே தெரியாது.

நட்டவள் அந்த வீட்டுக்காரி பிலோமினா. மாசி பிறந்து உறைபனி விட்ட ஒரு காலையில் குச்சியைக் கொண்டுவந்து பாத்தியின் நடுவில் நிறுத்தி, சுத்தியலால் அதன் உச்சந்தலையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். காபித் தம்ளரோடு பக்கத்தில் வந்து நின்ற அவள் கணவன் சகாயராஜ் சிரித்தான்.

"செடியையே காணோம், அதுக்குள்ள குச்சியா? புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வெக்கிற மாதிரி இருக்கு."

"போன வருஷம் செடி சாயுற வரைக்கும் பாத்துட்டு இருந்துட்டு, அப்புறமா ஓடி வந்து ஒரு குச்சியக் குத்துனீங்களே, மறந்துட்டீங்களா?" என்றாள் பிலோமினா, அடிப்பதை நிறுத்தாமல். "நேரா கிழங்குக்குள்ளயே எறக்கிட்டீங்க. ஒரே வாரத்துல செடி கருகிப் போச்சு. டேலியாவுக்கு மொதல்ல குச்சி, அப்புறந்தாங்க கிழங்கு. பூ தட்டு அகலத்துக்கு வரும், தண்டு தாங்காது."

இவ்வளவு தெளிவாகத்தான் சொன்னாள். சொல்லி என்ன பிரயோசனம்? குச்சியின் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. தலையில் அடி விழுந்துகொண்டிருக்கும்போது யாருக்குத்தான் விளக்கம் கேட்கும்? அடி ஓய்ந்தபோது பேச்சும் ஓய்ந்திருந்தது. பிலோமினா குச்சியின் காலடியில் ஒரு கிழங்கை வைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கிழங்கைக் குச்சி ஒரு கணம் பார்த்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தது. அவித்துத் தின்னும் கிழங்கை ஏன் புதைக்கிறார்கள், தன்னை ஏன் அதன் பக்கத்தில் அடித்து இறக்கினார்கள், தான் கிழங்குக்குக் காவலா? ஒன்றும் பிடிபடவில்லை. அன்று பிடித்தது குழப்பம்.

நாட்கள் போயின. பாத்தி வெறுமையாகவே கிடந்தது. ஒரு நாள் கொண்டைக்குருவி ஒன்று வந்து குச்சியின் தலையில் உட்கார்ந்தது.

"நீ என்ன, மரமா?"

"இல்லை."

"வேலியா?"

"ஒற்றைக் குச்சி எப்படி வேலியாகும்?"

"பின்னே என்னதான் நீ?"

"அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

"யோசிக்க என்ன இருக்கிறது? நான் உட்காருவதற்குத்தான் உன்னை நட்டிருக்கிறார்கள்" என்று குருவி தீர்ப்புச் சொன்னது. "ஆனாலும் தலையில் அத்தனை அடி வாங்கினாயே, ஏன் அடிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள்தான், தெரியுமா?" சொல்லிவிட்டு, அதே தலையில் எச்சமிட்டுப் பறந்துபோனது. உலகத்தில் புத்தி சொல்கிறவர்கள் பாதிப்பேர் இப்படித்தான்.

குச்சி இரண்டொரு நாள் குருவி சொன்னதை நம்பியும் பார்த்தது. அப்புறம் குருவி வரவே இல்லை. குருவிக்காக நட்டதென்றால் குருவி வராத நாளில் தான் யார்? பழையபடி ஒன்றும் விளங்கவில்லை.

பேரிக்காய் மரத்திலிருந்து சமையலறைச் சுவர் வரை ஒரு துணிக்கொடி கட்டியிருந்தது. ஈரக் கம்பளி உடுப்புகளைச் சுமந்து சுமந்து அதற்கு நடுமுதுகு தொங்கிப்போயிருந்தது. அது நெடுநாளாகக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, நல்ல உயரமாக இருக்கிறாய். எனக்கு முட்டுக் கொடுக்க இங்கே ஆளில்லாமல் தவிக்கிறேன். நீ அங்கே இடித்த புளி மாதிரி நிற்கிறாயே?"

"ஏதாவது ஒரு காரணம் வைத்துத்தான் என்னை நட்டிருப்பார்கள்."

"என்ன காரணம்?"

"தெரியாது."

"காரணம் தெரியாமல் நிற்பதற்குப் பெயர் வேலை இல்லை. அப்படி நிற்பதைக் கட்டை என்பார்கள்."

அந்தச் சொல் குச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. அவமானமாக இருந்தது. கொடி சொல்வதில் என்ன தப்பு? துணி காய்வதை நாலு பேர் பார்க்கலாம். வெறும் மண்ணில் நிற்கிறவனை யார் மதிப்பார்கள்? போய்விடலாம் என்று காலையில் நினைத்தது. இருந்து பார்க்கலாம் என்று மாலையில் நினைத்தது. மறுநாள் காலையில் மறுபடியும் போய்விடலாம் என்று நினைத்தது.

பிலோமினா சந்தைக்குப் போன ஒரு நாள், கொடி இன்னும் தாழ்ந்து, சகாயராஜின் ஸ்வெட்டர் கை சேற்றில் புரண்டது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கண் பாத்தியில் வந்து நின்றது.

"சும்மா நிக்கிற குச்சிதான. இதப் புடுங்கிக் கொடிக்கு வெச்சா அவளுக்கே சந்தோஷமா இருக்கும்" என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு வந்து, குச்சியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான்.

"விடு, மண்ணை விட்டுவிடு!" என்று கொடி உற்சாகமாகக் கத்தியது.

குச்சிக்கும் போக ஆசைதான். அங்கே வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஆனால் இப்போது போய்விட்டால், இங்கே எதற்காக நட்டார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுமே! போகவும் மனமில்லை, இருக்கவும் மனமில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று தவித்தது. மண்ணுக்கு அடியில் அதற்குள் கிழங்கு கண் திறந்து முளைவிட்டிருந்தது. நூல் போன்ற இளவேர்கள் குச்சியின் காலைச் சுற்றி ஓடியிருந்தன. குச்சி வெளியே வந்தால் அவையும் அறுந்துகொண்டு வந்திருக்கும். அது சகாயராஜுக்கும் தெரியாது, குச்சிக்கும் தெரியாது.

கடமையே பெரிதென்று குச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் பள்ளிக்கூடத்தில் பாடமாகக்கூட வைப்பார்கள். ஆனால் நடந்தது அதுவல்ல. முடிவெடுக்கத் தெரியாமல்தான் அது நின்றது. அது முடிவெடுப்பதற்குள் சகாயராஜுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"யப்பா! பாறையிலயா எறக்கி வெச்சிருக்கா?" என்று கையை உதறிக்கொண்டு போய், ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து கொடிக்கு முட்டுக் கொடுத்தான். காரியம் ஆனதும் கொடி குச்சியோடு பேசுவதை விட்டுவிட்டது.

பிலோமினா திரும்பி வந்ததும் பாத்தியைப் பார்த்தாள். குச்சியைச் சுற்றி மண் இளகியிருந்தது.

"என்னங்க, யாரு இத ஆட்டினது?"

சகாயராஜ் செய்தித்தாளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டான். அவள் முணுமுணுத்தபடியே குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

பங்குனியில் கிழங்கிலிருந்து செடி தலைகாட்டியது. முழங்கால் உயரம் வந்தபோது பிலோமினா ஒரு பழைய புடவையில் நாடா கிழித்து, குச்சியைச் சுற்றி ஒரு வளையம், செடியைச் சுற்றி ஒரு வளையம் என்று எட்டுப் போட்டதுபோல் தளர்த்திக் கட்டினாள்.

"என்னை எதற்குக் கட்டிப்போட்டிருக்கிறாய்?" என்று செடி சிடுசிடுத்தது.

"நானா? என்னைத்தான் உன்னோடு கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு ஓடப் பார்த்தேன் என்று உன்னைக் காவல் போட்டிருப்பார்கள்."

"நான் காவலா? எனக்கு ஒழுங்காக நிற்கவே இன்னும் தெரியாது!"

"அப்படியானால் நீயும் கைதி."

"இரண்டு பேரும் கைதி என்றால் காவல்காரன் யார்?"

குச்சி வெகுநேரம் யோசித்தது. "அதுகூடப் போகட்டும். பிடித்துவைக்க நினைத்தால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். விட்டுவிட நினைத்தால் கட்டியே இருக்கக் கூடாது. இது என்ன, கட்டியும் கட்டாமலும்?"

செடிக்கு வளர்கிற வேலை இருந்தது. பதில் சொல்லாமல் வளர்ந்தது.

சீக்கிரமே இலைகள் குச்சியை மூடிவிட்டன. அதற்கு வெயிலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. இங்கே ஒரு குச்சி நிற்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. முன்பாவது, நீ யார் என்று கேட்க ஒரு குருவி இருந்தது. இப்போது கேட்கவும் ஆளில்லை. குச்சிக்கு உள்ளபடியே துக்கமாக இருந்தது.

வைகாசியில் உச்சியில் ஒரு மொட்டு விரிந்தது. கருஞ்சிவப்புப் பூ, அடுக்கடுக்காக, பார்த்தவர் வாயைப் பிளக்கும்படி. பக்கத்து வீட்டு சுலோச்சனா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, என் மொகத்த விடப் பெருசா இருக்கே!" என்றாள்.

"ஞாயித்துக்கெழம மாதா பீடத்துல வெக்கணும்" என்றாள் பிலோமினா. "போன வருஷமே நேந்துக்கிட்டது. குடுக்க முடியாம போச்சு. இந்த வருஷமாவது கண்ணுல காட்டினாளே."

பூ உச்சியில் பிறந்தது. கீழே என்ன இருக்கிறது என்று அது பார்த்ததே இல்லை. வானமும், வந்து பார்க்கிறவர்களின் முகமும், அவர்கள் சொன்ன புகழ்ச்சியும்தான் அதற்குத் தெரிந்த உலகம். தான் நிமிர்ந்து நிற்பது தன் இயல்பு என்றுதான் அது நினைத்திருந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது, அதனிடம் யாரும் வேறு விதமாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் கோடை மழை வந்தது. முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி, பிறகு கொட்டோ கொட்டென்று தண்ணீர். சகாயராஜ் குடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"எங்க ஓடறீங்க? இப்பப் போயி இன்னொரு குச்சி குத்தப் போறீங்களா?" என்று பிலோமினா அவன் கையைப் பிடித்தாள். "இருங்க. இனிமே அது நின்னா நிக்கட்டும். மாதா பாத்துப்பா."

பூவின் அடுக்குகளில் எல்லாம் தண்ணீர் ஏறியது. தலை கல்லாகக் கனத்தது. "ஒடிகிறேன்!" என்று செடி அலறியது. காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. செடி அப்படியே சாய்ந்தது. தளர்ந்து கிடந்த நாடா சட்டென்று விறைத்தது. செடியின் கனம் முழுவதும், பூவோடு தண்ணீரோடு காற்றோடு, குச்சியின் மேல் வந்து விழுந்தது.

அதுவரை ஒரு குருவியின் எடைக்கு மேல் சுமந்தறியாத குச்சி திடுக்கிட்டுப் போனது. அடுத்த கணம் காற்று திசை மாறி மறுபக்கம் இழுத்தது. நாடா இறுக்கிக் கட்டியிருந்தால் தண்டை அறுத்திருக்கும், கட்டாமல் விட்டிருந்தால் செடி மண்ணில் கிடந்திருக்கும். கட்டியும் கட்டாமலும் இருந்ததால் செடி ஆடியது, விழவில்லை. 'ஓ, இதற்கா! இதற்குத்தானா!' குச்சிக்கு வலித்தது. வலியோடு வலியாக, இதுவரை வந்தறியாத ஒரு சந்தோஷமும் வந்தது. அது யோசிப்பதை விட்டுவிட்டு, மழை ஓயும்வரை நின்றது.

மழை விட்டது. காற்றில் இலைகள் கிழிந்து விலகியிருந்தன. பூ தலை குனிந்து தண்ணீரைச் சிந்தியபோது, முதன்முதலாகக் கீழே பார்த்தது.

"யார் அது?"

"குச்சி."

"நீயா என்னைப் பிடித்துக்கொண்டாய்?"

"அப்படித்தான் தெரிகிறது."

"நல்ல சமயத்துக்கு வந்தாய். இல்லாவிட்டால் என் கதை முடிந்திருக்கும்" என்றது பூ, மனசார. "ஆமாம், நீ எப்போது வந்தாய்?"

மூங்கில் குச்சி பதில் சொல்ல வாயெடுத்தது. நீ பிறப்பதற்கு முன்பே, உன் செடி முளைப்பதற்கும் முன்பே வந்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய் இல்லை. ஆனால் சொல்ல நினைத்தபோது அது முழு உண்மையாகவும் அதற்குப் படவில்லை.

"இப்போதுதான்" என்றது.