முகம் காட்டும் சட்டம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு. பெயர் எதற்கு, எந்த நாட்டுக்கும் பொருந்தும். அந்நாட்டு அரசர் விஷக்காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். எழுந்ததும் மனம் இளகிவிட்டது. "இனி ஏழைகள் வைத்தியருக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். வைத்தியம் பார்த்தவர்களுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் அளக்கப்படும்" என்று முரசறைவித்தார். நல்ல மனசுதான். ஆனால் களஞ்சியச் சாவி மந்திரி ஆளுடையாரின் இடுப்பில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

ஓராண்டாகியும் நெல் வரவில்லை. வைத்தியர்கள் திரண்டு சபைக்கு வந்து முறையிட்டார்கள்.

"பிரபு, இவர்கள் நோயில்லாதவனுக்கும் வைத்தியம் பார்த்ததாகச் சொல்லி நெல் கேட்கிறார்கள்" என்றார் ஆளுடையார்.

வாதம் நீண்டது. அரசருக்குக் கொட்டாவி வந்தது. பக்கத்தில் இருந்த விகடகவி வெண்காடனிடம், "நீ ஏதாவது சொல்லேன்" என்றார்.

அரசரைச் சிரிக்க வைப்பதுதான் வெண்காடனின் பிழைப்பு. எழுந்து கைகட்டி நின்றான்.

"இதற்கென்ன அரசே! நோயாளி நோயோடு வந்து மந்திரிக்கு முகம் காட்டட்டும். மந்திரி கண்ணால் கண்டு ஓலையில் முத்திரை போட்ட பிறகு வைத்தியம் நடக்கட்டும். சாகக் கிடப்பவன் மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்து வரட்டும்!"

சபை குலுங்கியது. அரசர் அவனுக்குச் சால்வை போர்த்தினார். சிரிப்பு அடங்குவதற்குள் ஆளுடையார் அதை அப்படியே சட்டமாக எழுதி, "முத்திரையின்றி வைத்தியம் பார்ப்பவருக்குக் கசையடி, தன் ஓலைக்குத் தானே முத்திரையிடுவது குற்றம்" என்று இரண்டு வரி சேர்த்து அரசரின் ஒப்புதலையும் வாங்கிவிட்டார். வெண்காடன் அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். சால்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மூன்று மாதம் கழித்து, தாழையூர் மருத்துவச்சி பவளாயி அவனை அரண்மனை வாசலில் மறித்தாள்.

"சாமி, அந்த முகம் காட்டுற பேச்சைச் சொன்னது நீங்கதானே?"

"ஆமாம்மா. விளையாட்டாகச் சொன்னது."

"வலியெடுத்தவளை ரெண்டு நாள் வண்டியில கொண்டாந்து முகம் காட்ட முடியுமா? நெல்லும் இல்ல, தொழிலும் இல்ல. வயித்துக்காகப் பக்கத்தூருக்கு நடவுக்குப் போயிட்டேன். எங்கூரு மூக்காயிக்கு வலி கண்டிருச்சு. அடிச்சாலும் அடிக்கட்டும்னு நான் ஓடியாறதுக்குள்ள அவ போயிட்டா. புள்ள மட்டும் கெடந்துச்சு." அவள் அழவில்லை. "மத்த வைத்தியருங்களும் மூட்டை கட்டுறாங்க. ஐப்பசி மழைக்குக் காய்ச்சல் வரும். அப்ப ஊருக்கு ஊரு இதே கதைதான்."

வெண்காடன் அரசர் காலில் விழுந்தான். அரசரோ, "சொன்ன சொல்லை மாற்றினால் நான் அரசனா? ஆணை அப்படியே இருக்க ஒரு வழி சொல், கேட்கிறேன்" என்றுவிட்டார்.

மறுநாள், வெண்காடன் சொல்லியனுப்பியபடி, சுற்றுவட்டாரத்தில் சிரங்கு பிடித்த அத்தனை பேரும் களஞ்சிய வாசலில் வரிசையில் நின்றார்கள். வெண்காடன் மந்திரியின் காதோடு, "ஐயா, நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தால்?" என்றான். சந்தேகத்திலேயே பிறந்த மனிதர் அல்லவா! ஆளுடையார் ஒவ்வொரு கையாகப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

ஒரு மாதத்தில் சபை நடுவே ஆளுடையார் நெளிந்தார். முதுகைத் தூணில் தேய்த்தார். பிறகு வெட்கத்தை விட்டு அரண்மனை வைத்தியரைக் கூப்பிட்டார். வெண்காடன் குறுக்கே வந்தான்.

"முத்திரை ஓலை எங்கே, மந்திரியாரே?"

"முத்திரை போடுபவனே நான்தானடா!"

"தன் ஓலைக்குத் தானே முத்திரையிடுவது குற்றமென்று தாங்கள்தானே எழுதினீர்கள்? வைத்தியர் தங்களைத் தொட்டால் அவருக்குக் கசையடி. பாவம், இந்நாட்டில் வைத்தியத்துக்கு வழியே இல்லாத ஒரே நோயாளி தாங்கள்தான்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆளுடையார் இரு கையாலும் சொறிந்துகொண்டே, "பிரபு, ஊருக்கு ஒருவரை என் கண்ணாக நியமித்துவிடுங்கள். அவரே நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து முத்திரை போடட்டும். முதலில் இந்த ஊருக்கு ஒருவரை நியமியுங்கள்!" என்று கெஞ்சினார். ஆணையும் மாறவில்லை, ஐப்பசிக்கு முன்பே வைத்தியர்களுக்கு நெல்லும் போய்ச் சேர்ந்தது. வெண்காடனுக்குப் பொற்கிழி கிடைத்தது. கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

வெண்காடன் பொற்கிழியோடு தாழையூருக்குப் போனான். மூக்காயியின் புருஷன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். வந்தவன் அரண்மனை விகடகவி என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

வெண்காடன், "அந்தச் சட்டம்..." என்று ஆரம்பித்தான்.

"ராசாவையே சிரிக்க வைக்கிறவராமே நீங்க! இவளுக்கு ரெண்டு மாசம் தாண்டிருச்சு சாமி, இன்னும் முகம் பாத்துச் சிரிக்கல. ஒருதடவ சிரிக்க வைங்களேன்" என்று அவன் பிள்ளையை நீட்டினான்.

வெண்காடன் வாங்கிக்கொண்டான். குரங்குபோல் கத்தத் தெரியும், கிழவிபோல் பேசத் தெரியும்; அன்று ஒன்றும் வரவில்லை. அழுகையை அடக்கப் பார்த்ததில் அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. குழந்தை அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தது.

"சிரிக்குது சாமி, சிரிக்குது!" என்று அப்பன்காரன் துள்ளினான். "இன்னொருதடவ அதே மாதிரி செய்யுங்க!"