கல் நாய்க்கு எடுத்த அளவு

சத்தியம்! எரிகிற நெருப்பின் மேல் சத்தியம், குடிக்கிற தண்ணீரின் மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களின் மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் அந்த மூன்றும் இப்போதே உதிரட்டும். உதிரவில்லை, பார்த்தீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் பனிமுடி என்றொரு மலைநாடு இருந்தது. அங்கே அடிக்கும் குளிர் லேசுப்பட்டதல்ல. விடியலில் கூவ வாயைத் திறந்த சேவல், வெயில் ஏறும்வரை வாயை மூட முடியாமல் நிற்கும். அடுப்பிலிருக்கும் நெருப்பே போர்வை கேட்கும்.

அந்த நாட்டில் சடைச்சி என்பவள், மந்தை காக்கும் நாய்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் பிழைத்தாள். சட்டை மட்டுமா? காதுக்குக் குல்லாய், கழுத்துக்குப் பட்டை, பனியில் பாதம் வெடிக்காமலிருக்கக் காலுறை. நாயை மடியில் கிடத்துவாள். விரலால் தடவி அளவெடுப்பாள். பிறகுதான் மூங்கில் ஊசிகளைக் கையில் எடுப்பாள். விரல் சொல்லும் அளவைத் தவிர வேறு அளவு அவளுக்குத் தெரியாது.

அரசன் காரிவேந்தனிடம் சாம்பல் என்றொரு நாய் இருந்தது. ஆற்றங்கரைப் போரில் அரசன் மார்புக்கு வந்த அம்பின் குறுக்கே பாய்ந்த நாய் அது. நன்றிக்கு அரசன் இரண்டு காரியம் செய்தான். வாசலில் அதற்குக் கல்லில் சிலை வைத்தான். தெய்வத்துக்குரிய மரியாதை அதற்கும் வேண்டுமென்று, சாம்பலைத் தொடும் கை வெட்டப்படும் எனச் சட்டம் போட்டான். ஏழு ஆண்டுகள் ஒரு கையும் அதன் மேல் படவில்லை. அரசன் கைகூடத்தான்.

அந்த ஆண்டுக் குளிரில் கிழட்டு நாய் நடுநடுங்கியது. சடைச்சியை அழைத்து வந்தார்கள். அரண்மனை மணியக்காரர் பொறையர் முடிச்சுகள் போட்ட ஒரு கயிற்றை நீட்டினார்.

"இந்தா அளவு. சிலையில் எடுத்தது."

"நாயை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டுமா, ஐயா?"

"தாராளமாக. எந்தக் கையைத் தருகிறாய்?"

சடைச்சி கயிற்றின்படியே பின்னிக் கொடுத்தாள். வேலைக்காரர்கள் தள்ளி நின்று, நுனி பிளந்த நீளமான கவைக்கோல்களால் சட்டையைத் தூக்கி நாய்க்கு மாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் சாம்பல் அதைக் கிழித்தது. குல்லாயை விட்டுவிட்டது, காலுறையை விட்டுவிட்டது. சட்டையை மட்டும் கிழித்தது.

"கம்பளி மட்டம்" என்றார் பொறையர். குட்டியாட்டின் மயிரில் இரண்டாவது சட்டை பின்னினாள். அதுவும் கிழிந்தது. கூடவே மாட்டியவனின் கோலும் முறிந்தது.

"அரசே, நாய்க்கு வெறி பிடித்துவிட்டது" என்றார் பொறையர்.

 "மூன்றாவதையும் கிழித்தால் மலைவாசலுக்கு வெளியே விட்டுவிடுங்கள்" என்றான் அரசன். அந்த வாசலைத் தாண்டிப் பனிக்குள் போன உயிர் எதுவும் மறுநாள் வெயிலைப் பார்த்ததில்லை.

சடைச்சி கிழிசல்கள் இரண்டையும் வீட்டுக்கு எடுத்துவந்து முழங்காலில் விரித்தாள். இரண்டும் ஒரே இடத்தில் கிழிந்திருந்தன. இடது தோள்.

"வெறி பிடித்த நாய் இடம் பார்த்தா கடிக்கும்?"

ஊசிகளை மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் கீழே வைத்தாள். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். கை போனால் பின்னல் போகும். பின்னல் போனால் கூழ் போகும். ஆனால் அந்த நாய்க்கு வெறிநாய் என்ற பெயரை வாங்கித் தந்தது அவள் பின்னிய சட்டைகள் அல்லவா?

மறுநாள், காவலர்கள் கூழ் குடிக்கப் போன நேரம் பார்த்து அரண்மனை முற்றத்துக்குப் போய் மடியை விரித்து உட்கார்ந்தாள். சாம்பல் உறுமியது. முகர்ந்து பார்த்தது. பிறகு மெல்ல வந்து தலையைச் சாய்த்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பின் அதற்கு ஒரு மடி கிடைத்திருந்தது. அவள் விரல்கள் கழுத்தைத் தாண்டின, முதுகைத் தாண்டின, இடது தோளில் நின்றன. தோலுக்கடியில் ஏதோ கெட்டியாக இருந்தது. நாய் முனகியது, ஆனால் கடிக்கவில்லை.

விரல் சொன்ன அளவில் அவள் பின்னிய மூன்றாவது சட்டையைச் சபையில் மாட்டினார்கள். சாம்பல் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டது, சுருண்டு படுத்தது, கண்ணை மூடிக்கொண்டது. சபையே மூச்சுவிட்டது. பொறையர் மட்டும் கோலின் நுனியில் கயிற்றைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தார்.

"அரசே, சிலையைவிட வயிறு இரண்டு விரல் அகலம்! இடது தோளில் சட்டையே இல்லை! இவள் தொட்டிருக்கிறாள்!"

சடைச்சி இரு கைகளையும் நீட்டினாள்.  "தொட்டேன், அரசே."

"உன் கை என்ன கண்டது?"

"உங்களுக்கு வந்த அம்பு, அரசே. அதன் முனை இன்னும் உள்ளேயே இருக்கிறது. சட்டை அதில் உரசும்போதெல்லாம் சாம்பல் வலி பொறுக்காமல் கிழித்திருக்கிறது."

அரசன் அரியணையிலிருந்து இறங்கினான். மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டு, சாம்பலின் தோளில் கை வைத்தான். நாய் கண் திறந்து அவன் மணிக்கட்டை நக்கியது. அரசன் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் பார்க்கவே அழுதான்.

பிறகு தன் கையைச் சடைச்சியின் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினான். "சட்டப்படி வெட்ட வேண்டியவை இவை. எதிலிருந்து தொடங்குகிறீர், பொறையரே?"

பொறையரின் கையிலிருந்து கயிறு நழுவி விழுந்தது. அன்றோடு அந்தச் சட்டமும் விழுந்தது.

வைத்தியர் அம்பு முனையை எடுத்தார். சாம்பல் இன்னும் இரண்டு குளிர்காலம் அந்தச் சட்டையோடு இருந்து, அரசன் மடியிலேயே உயிர் விட்டது. கிழிந்த இரண்டு சட்டைகளையும் சடைச்சி தைத்துக் குல்லாயோடு கல் நாய்க்கு மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தின.

பிறருக்கு நன்மை செய்ய நினைப்பவர், அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்பதை முதலில் அருகில் போய் அறிய வேண்டும்.

கதை அவ்வளவுதான். யார் சொன்னதென்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். கல் நாயின் குல்லாயைக் கழற்றிக்கொண்டு ஓடியவனைப் பனிமுடியில் இன்னும் தேடுகிறார்களாம்.