நடு நாற்காலி

பேருந்து நிலையத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தாள் மரகதவல்லி. கட்டடம் பேரூராட்சிக்குச் சொந்தம். பேரூராட்சித் தலைவர் பூவலிங்கத்துக்கோ ஃப்ளாஷ் மின்னினாலே கண் மூடிவிடும். அவள் எடுத்த மூன்று விழாப் படங்களிலும் மனுஷன் தூங்குகிற மாதிரியே இருந்தார். பழி மட்டும் அவள்மேல்.

நான்காவது விழாவில், கவுன்சிலர்கள் சூழ நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “ஒரே ஒரு படம்தான். இதுலயும் என் கண்ணு மூடியிருந்தா நாளைக்கே கடையைக் காலி பண்ணிடணும்” என்றார்.

“ஆகட்டுங்கய்யா” என்று கேமராவைக் கண்ணில் வைத்தவள், திடீரென்று குரல் கொடுத்தாள். “துணைத்தலைவரய்யா, நீங்க வந்து நடு நாற்காலியில உட்காருங்க!”

ஓரத்தில் நின்ற துணைத்தலைவர் சட்டென்று ஓர் அடி எடுத்து வைத்தார். பூவலிங்கம் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு விழித்தார். ஃப்ளாஷ் மின்னியது.

கேமராவில் படத்தைப் பார்த்தாள். தலைவரின் கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. அப்பாடா, கடை பிழைத்தது!

“எப்படிம்மா எடுத்தே?” என்றார் பூவலிங்கம், இன்னும் பிடியை விடாமல்.

“வெளிச்சத்துக்கு மூடுற கண்ணு, நாற்காலி போகுதுன்னா மூடாதுங்கய்யா.”

கூட்டமே சிரித்தது. துணைத்தலைவர் மட்டும், எடுத்து வைத்த காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.