பதினான்கு கட்டில், பதினான்கு எழுத்து

கரட்டுப்பட்டி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஏகாம்பரம் நடந்து வந்தால் மேலே ஓடுகிற ஃபேன்கூடப் பயந்து மெதுவாகச் சுற்றும். கல்குவாரித் தூசியைத் தின்று இருமிச் செத்த அத்தனை பேருக்கும் அவர் ‘மாரடைப்பு’ என்றுதான் எழுதுவார். குவாரி முதலாளி அவருக்குச் சம்பந்தி.

அன்றைக்குச் சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். வார்டு கூட்டுகிற வெள்ளைத்தாய், புருஷனின் இறப்புச் சீட்டோடு டாக்டருக்குக் குறுக்கே போய் நின்றாள்.

“நெசமான நோவை எழுதிக் குடுங்கய்யா. அப்பத்தான் குவாரிய மூடுவாங்க.”

டாக்டர் சிரித்தார். “அந்தத் தூசி நோவுக்குப் பேரு நியூமோகோனியோசிஸ்! இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டிச் சொல்லு பார்ப்போம். தப்பில்லாம சொன்னா இப்பவே எழுதறேன்.”

வெள்ளைத்தாய் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். அந்தப் பெயரை நர்சம்மாவிடம் கேட்டுக் கேட்டு, கட்டிலுக்கு ஓர் எழுத்தாக, அதில் செத்தவர் பெயரோடு மனசில் முடிந்து வைத்திருந்தாள். முதல் கட்டிலைத் தொட்டாள்.

“பி. சத்தம் வராத எழுத்து. இதுல மொக்கராசு சத்தம் காட்டாமலே போனாரு. என். இது சுடலி, பிள்ளைத்தாச்சி. ஈ, கருத்தப்பாண்டி...”

கட்டில் கட்டிலாக நடந்தாள். எழுத்தும் பிசகவில்லை, ஆளும் பிசகவில்லை. பதினான்காவது கட்டிலில் நின்றாள்.

“எஸ். இது எங்க வீட்டுக்காரரு.”

டாக்டர் அசடு வழியப் பேனாவைத் திறந்தார். அதிகாரி அவர் கையைப் பிடித்தார்.

“இருங்க டாக்டர். ஒரு சீட்டு போதாது. பதினாலு பேரோட சீட்டையும் எடுத்துட்டு வாங்க.”

வெள்ளைத்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். முதல் கட்டிலில், தலையெல்லாம் கல்தூசியோடு அன்று காலை வந்து படுத்த ஒருவன் இருமத் தொடங்கினான்.