காது வச்சவர்

"மாஸ்டர், போன் நம்ம பேசறத ஒட்டுக் கேக்குதா, இல்லையா?"

கேட்டது சிஷ்யன் பொன்னுரங்கம். வயசு நாப்பத்தெட்டு. நூல் மில்லு மூடுனதும் செல்போன் ரிப்பேர் கத்துக்க வந்தவரு.

குரு ஷாகிராவுக்கு இருவத்தொம்போது. ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எட்டுக்கு எட்டுல ஒரு கடை. அதான் ஆசிரமம். சாம்பிராணிக்குப் பதிலா சால்டரிங் புகை.

"இப்ப எதுக்குண்ணே அந்தச் சந்தேகம்?"

"நேத்து என் சம்சாரத்துகிட்ட மூட்டு வலின்னேன். காலைல போனைத் தொறந்தா தைலம் விளம்பரம். அவளே காதுல வாங்கல மாஸ்டர். இது வாங்கிருச்சு."

"உங்க வீட்ல உங்கள மதிக்கறது அது ஒண்ணுதான்."

"சிரிக்காதீங்க. என் மச்சான் வீட்ல ஒரு பேசற டப்பா வாங்கி வச்சிருக்கான். அது முன்னாடி புருஷன் பொண்டாட்டி சண்டை கூட போடறதில்ல. மொட்டை மாடிக்குப் போய் போட்டுட்டு எறங்கி வர்றாங்க."

ஷாகிரா ஸ்க்ரூ கழட்டிக்கிட்டே இருந்துச்சு.

"கேக்கறது யாரு மாஸ்டர்? அத மட்டும் சொல்லுங்க."

குரு வாயத் தொறக்கறதுக்குள்ள கடை வாசல்ல ஒரு ஆளு.

வெள்ளை வேட்டி. ஒரு கையில ஸ்வீட் பாக்ஸ். இன்னொரு கையில ரோஸ் கவர் போட்ட போன்.

"இங்க பொன்னுரங்கம்ங்கறது?"

சிஷ்யன் எந்திரிச்சாரு. மாஸ்டர் பக்கம் திரும்பல.

"துரைக்கண்ணுங்க. மறந்துட்டீங்களா? போன வாரம் என் பொண்ணு போன்ல ஒண்ணு போட்டுக் குடுத்தீங்களே. வேலைன்னா வேலை! சுத்தம்!"

ஸ்வீட் பாக்ஸ மேசை மேல வச்சாரு.

"எந்தப் பையன், எந்த பஸ்ஸு, எத்தனை மணி, எல்லாம் கேட்டோம்ல. செவ்வாக்கெழம அவ சேலம் பஸ்ஸுல ஏறுறா, நாங்க முன் சீட்ல உக்காந்திருக்கோம்."

அவரு சிரிச்சாரு. வேற யாரும் சிரிக்கல.

"பொண்ணு இப்ப எங்க சார்?" ஷாகிரா கேட்டுச்சு.

"சொந்தக்காரங்க ஊர்ல."

"போன் இல்லாமயா?"

"அந்தப் பையன் கூப்புடுவான், அவனையும் புடிக்கலாம்னு நாலு நாளா ஹால்ல சார்ஜ் போட்டே வச்சிருந்தோம். கூப்புடல. உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சுக் குடுங்க. சின்னவனுக்கு வேணும்."

"பொண்ணுக்கு?"

"அவளுக்கு எதுக்கு இனிமே?"

ஷாகிரா போனை வாங்கிக்கிச்சு.

"அஞ்சு மணிக்கு வாங்க சார்."

துரைக்கண்ணு போயிட்டாரு. ஸ்வீட் பாக்ஸ் இருந்துச்சு.

ஷாகிரா கவரைக் கழட்டுச்சு. போன் முதுகுல அவங்க கடை ஸ்டிக்கர்.

ரிப்பேருக்கு வர்ற எல்லாப் போனுக்கும் அந்த ஸ்டிக்கர் உண்டு. பேரு, அட்ரஸ், ஒன்பது புள்ளி. லாக் தொறக்கற கோட்டை போன்காரங்களே அதுல போட்டுக் குடுப்பாங்க. வீட்டுச் சாவியப் பக்கத்து வீட்ல குடுக்க மாட்டான். இத குடுப்பான். கடைன்னா அப்படி ஒரு நம்பிக்கை.

இதுல 'சுகந்தி'ன்னு எழுதியிருந்துச்சு. கீழ ஒரு கோடு, குழந்தை போட்ட வீடு மாதிரி.

"நான் சரக்கெடுக்க மெட்ராஸ் போன அன்னிக்காண்ணே?"

"அந்தப் பொண்ணு ஸ்க்ரீன் மாத்தக் குடுத்துட்டுப் போச்சு மாஸ்டர். அரை மணியில அப்பன் வந்தாரு. பாதுகாப்புக்குன்னாரு. பெத்தவன் மாஸ்டர்..."

"இந்தக் கோட்டை அப்பனா போட்டாரு?"

"இல்ல."

"யாரு போட்டது?"

"அந்தப் பொண்ணு."

"எதுக்குப் போட்டுச்சு?"

"ஸ்க்ரீன் மாத்த."

ஷாகிரா திட்டல. திட்டியிருந்தா பொன்னுரங்கம் பொழச்சிருப்பாரு.

ஸ்க்ரீன்ல வந்த புள்ளி மேல விரல் வச்சு அதே கோட்டை இழுத்துச்சு. போன் தொறந்துச்சு. கால்குலேட்டர் மாதிரி ஒரு படம். கால்குலேட்டர் இல்ல, ஒட்டுக் கேக்கற ஆப்.

"இத நிறுத்தச் சொன்னாரா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்ப நாலு நாளா ஹால்ல இது என்ன பண்ணிச்சு?"

பொன்னுரங்கத்துக்கு அப்பதான் புரிஞ்சது. மகளைக் கேக்க வச்ச காது, அப்பன் வீட்டையும் விடாம கேட்டிருக்கு. துரைக்கண்ணு அத மறந்தே போயிட்டாரு.

ஷாகிரா அதுல பதிவாயிருந்தத ஓட விட்டு, இயர்போன எடுத்து சிஷ்யன் காதுல மாட்டிவிட்டுச்சு.

"கேளுங்கண்ணே."

புதன்கெழம. டிவி சத்தம். குக்கர் விசில். தூரத்துல யாரோ கதவத் தட்டறாங்க. தட்டிக்கிட்டே இருக்காங்க.

ஒரு பொம்பளக் குரல்: "மாடி ரூமுக்குத் தண்ணியாச்சும் கொண்டு போறேங்க."

துரைக்கண்ணு குரல்: "குடுத்தா தெம்பு வரும். கத்துவா."

பொன்னுரங்கம் இயர்போன புடுங்கப் பாத்தாரு. ஷாகிரா அவரு கையப் புடிச்சுக்கிச்சு.

வியாழன். தட்டற சத்தம் விட்டு விட்டு வருது.

வெள்ளி. டிவி மட்டும்தான்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"விடு. அடங்கிட்டா."

அப்புறம் டிவி சத்தத்தக் கூட்டி வச்சாங்க.

இன்னிக்கு சனிக்கெழம.

பொன்னுரங்கம் தானே இயர்போன கழட்டினாரு. "மாஸ்டர், அந்தப் புள்ள..."

ஷாகிரா தன் போன்ல போலீஸ் நம்பர அழுத்தி அவருகிட்ட நீட்டுச்சு.

"நீங்க பேசுங்க மாஸ்டர். உங்களுக்குத்தான் பேச்சு நல்லா வரும்."

ஷாகிரா நீட்டுன கைய எடுக்கல.

"போட்டது யாருன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"உள்ள வச்சிருவாங்க மாஸ்டர். மூத்தவளுக்கு தை மாசம் கல்யாணம்."

"ஹலோ, கண்ட்ரோல் ரூம். சொல்லுங்க," போனுக்குள்ளேர்ந்து ஒரு குரல்.

பொன்னுரங்கம் போனை வாங்கினாரு. ஸ்டிக்கர்ல இருந்த அட்ரஸ எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. மாடி ரூம்ல ஒரு பொண்ணுன்னாரு. நாலு நாளுன்னாரு. தண்ணி இல்லைன்னாரு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

வெளிய சேலம் பஸ்ஸு கெளம்புச்சு. கண்டக்டர் கத்தினாரு.

"ஹலோ? உங்களத்தான் கேக்கறேன். யாரு நீங்க?"

"அதோட போன்ல காது வச்சவன்ங்க. பேரு பொன்னுரங்கம். முதல்ல போய் அந்தக் கதவத் தொறங்க. அப்புறம் எங்கிட்ட வாங்க."