இக்கரைக் கூடும் அக்கரைத் தினையும்

ஆற்றின் இக்கரைக் காட்டில் பொன்னாண்டி என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தான். அக்கரைப் பறவைகளுக்குப் பின்னத் தெரியாது. கூட்டை விலைக்கு வாங்கும். இக்கரையில் தினை விளையாது; அக்கரையிலிருந்து வரவேண்டும். இங்கே பணம் புளியங்கொட்டை, அங்கே குன்றிமணி. ஒரு குன்றிமணிக்கு ஐந்து கொட்டை. ஒரு கூடு ஐந்து கொட்டை. ஒரு படி தினையும் அதே விலைதான்.

ஒருநாள் மந்திரி நரிக்கு யோசனை உதித்தது. "ராஜா! இனி ஒரு குன்றிமணிக்குப் பத்துக் கொட்டை என்று அறிவியுங்கள். நம் கூடு அக்கரையில் பாதி விலைக்குக் கிடைக்கும். விற்பனை பிய்த்துக்கொண்டு போகும்!"

சிங்கராஜா தலையாட்டியது. அதற்குத் தெரிந்த ராஜகாரியம் அது ஒன்றுதான்!

விற்பனை பிய்த்துக்கொண்டுதான் போனது. ஆனால் தினை? அக்கரை கேட்பது அதே ஒரு குன்றிமணி; இங்கே அது பத்துக் கொட்டை ஆகிவிட்டதே! ஒரு படி தினைக்குப் பொன்னாண்டி இப்போது இரண்டு கூடு பின்னவேண்டும். பாவம், சொந்தக் கூட்டுக்கு ஒரு நார் கிழிக்கவும் நேரமில்லை. மனைவி பவளத்துக்கோ முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, பிள்ளைகளை எங்கே பொரிக்கிறது? உங்க தலையிலயா?" என்று வெடித்தாள் பவளம்.

"கொஞ்சம் பொறு! இன்னும் எட்டே எட்டுக் கூடு..."

"நல்லா இருக்கு நியாயம்!" என்று பறந்தவள், படகுத்துறையில் ஏற்றுமதிக்குத் தொங்கிய கூடு ஒன்றில் புகுந்து முட்டையும் இட்டுவிட்டாள்! அதைப் பார்த்து மற்றப் பெண்குருவிகளும் ஆளுக்கொரு கூட்டில் புகுந்துகொண்டன.

நரி ஓடிவந்தது. "ஏய் பவளம், வெளியே வா! அது ஏற்றுமதிச் சரக்கு!"

"இது என் பிரசவ அறை! கிட்ட வந்தீங்க, கண்ணு போயிடும்!"

பொன்னாண்டி பின்னிக்கொண்டிருந்த நாரைக் கீழே போட்டான். பறந்து போய்ப் பவளத்தின் கூட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

கொள்முதலுக்கு வந்த அக்கரை நாரை முகம் சுளித்தது. "முட்டையோட கூடு யாருக்கு வேணும்? சாயங்காலத்துக்குள்ள ஐம்பது புதுக்கூடு வரலைன்னா வியாபாரமே வேண்டாம்!"

சிங்கம் நரியைப் பார்த்தது. "யோசனை உன்னுடையதுதானே? உட்கார், பின்னு!"

சாயங்காலம் சிங்கம் போய்ப் பார்த்தால், ஒரு புதுக்கூட்டைக்கூடக் காணோம்! நாலு காலும் நாரில் சிக்கி நரிதான் உருண்டுகொண்டிருந்தது.

"ஒரு படி தினைக்கு எத்தனை கூடு பின்னலாம், மந்திரி?" என்று கேட்டது சிங்கம்.

"ஒன்றே அதிகம், ராஜா!" என்று அழுதது நரி.

மறுநாளே குன்றிமணி பழையபடி ஐந்து கொட்டைக்கு இறங்கியது. மழையும் கொட்டியது. பவளத்தின் முட்டைகள் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை.

உழைக்கிறவனுக்குக் குடியிருக்க ஒரு கூடு மிஞ்சாதபோது, ஊரெல்லாம் சரக்குப் போவதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல.