ரெண்டு பேருக்கு நடுவுல

"டீச்சர், இந்த ஜாவாவுக்கு எம்மேல என்ன கோவம்னே தெரியல," ன்னாரு கோதண்டம்.

பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையரான மனுஷன். மடத்து ஹால்ல கம்ப்யூட்டர் படிக்கிறாரு, ஜாவாங்கற பாஷையில புரோகிராம் எழுத. வீட்டுல இருந்தா சம்சாரம் தேங்கா துருவச் சொல்லுது, அதான் வந்தேம்பாரு. சுத்தப் பொய். தேங்கா துருவுறதுல அவரை அடிச்சுக்க அந்தத் தெருவுல ஆள் கெடையாது. சரி, அது கெடக்கட்டும்.

டீச்சர் அன்பரசிக்கு அவரு மக வயசுகூட இருக்காது. பேச்சும் கம்மி.

"என்ன சொல்லுது?"

"பத்துப் பேரைக் குடுத்தா வரிசை போடுது. மொத்தப் பேரையும் குடுத்தா, நீ ஒப்பிடுறது முன்னுக்குப் பின் முரணா இருக்குன்னு நின்னுடுது."

நாளைக்குக் காலையில மடத்துல இலவசக் கண் ஆபரேஷன். சுத்துப்பட்டு சனமெல்லாம் வந்து எறங்கியாச்சு. போன வருஷம் வரிசையே இல்ல. முழங்கையில பலம் உள்ளவன் முன்னாடி போனான். பார்வை தெரியாத ஒரு அம்மா நெரிசல்ல விழுந்து இடுப்பொடிஞ்சுது. அந்தம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை வாய்ச்சிருக்கான் பாருங்க, அவன் கதையை ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது.

இந்தத் தடவை வரிசை எம் பொறுப்புன்னு கோதண்டம் வாக்குக் குடுத்துட்டாரு.

"நம்பர்னா அதுவே அடுக்கிக்கும், ஐயா. மனுஷங்கன்னா ரெண்டு ரெண்டு பேரா சொல்லி, இவங்கள்ல யாரு முன்னாடின்னு நம்மளைக் கேக்கும். நீங்க என்ன சொல்லிக் குடுத்திருக்கீங்க?"

"அது முதல்ல சொல்ற ஆளுக்குப் பார்வை மோசம்னா மைனஸ் ஒண்ணு, முன்னாடி வந்துடுவாங்க. இன்னொருத்தருக்கு மோசம்னா பிளஸ் ஒண்ணு, பின்னாடி."

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவுன்னா?"

"யாரை முதல்ல சொல்லுதோ அவங்களே முன்னாடி. மைனஸ் ஒண்ணு."

"சமம்னா ஜீரோ போடச் சொன்னேனே?"

கோதண்டம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"மனசு வரல டீச்சர். கண்ணு தெரியாம வந்து நிக்கிற சனத்தைப் போயி ஜீரோங்கறதா? பள்ளிக்கூடத்துல என்னை அப்படித்தான் கூப்பிட்டாங்க."

பொண்ணு எந்திரிச்சு வெளிய நடந்துச்சு. இவரும் பின்னாடியே போனாரு.

வாசல் பெஞ்சுல ஆபரேஷனுக்கு வந்த பட்டம்மாளும் ராக்காயியும். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு பார்வைன்னு டாக்டர் எழுதியிருந்தாரு. ஒரே போர்வைய ரெண்டு பேரும் போத்திக்கிட்டு, ஒரு பொட்டலத்துலேர்ந்து கடலையைக் கொறிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"பட்டம்மா, ராக்காயி. யாரு முன்னாடி?"

"பட்டம்மாளை முதல்ல கேட்டீங்க. பட்டம்மா."

"ராக்காயி, பட்டம்மா. யாரு முன்னாடி?"

"ராக்கா..."

வாய் அப்படியே நின்னுடுச்சு.

"யாருப்பா அது, எம் பேரைச் சொல்றது?" ன்னுச்சு பட்டம்மா.

"எம் பேரையும்தான் சொல்றாங்க. ஒனக்குக் காதும் போச்சா?"

அன்பரசி பெஞ்சைக் காட்டுச்சு.

"இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்கு, ஐயா?"

அவரு குனிஞ்சு பாத்தாரு. தோளும் தோளும் ஒட்டிக் கெடக்கு. எறும்பு நுழைய வழியில்ல.

"ஒண்ணுமே இல்ல, டீச்சர்."

"அதுதான் ஜீரோ. அதை எழுதுங்க."

செருப்பை வாசல்லயே விட்டுட்டு உள்ள ஓடுனாரு.

கொஞ்ச நேரத்துல ஹால்ல பிரிண்டர் கரகரன்னு ஓட ஆரம்பிச்சுது.